இருபத்தொன்றாவது நொடி

பதினோரு வருஷம் செல்போன் ஆலையின் சோதனை லைனில் நின்றவள் சசிரேகா. திரை ஐந்து நொடிக்குள் ஒளிராவிட்டால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். யோசிப்பதற்கு முன்பே கை அதைச் சிவப்புத் தட்டில் போட்டுவிடும். லைனை விட்டு மூன்று மாதமாகியும் கை மாறவில்லை.

இப்போது வேறு வேலை. கடுமையான வளர்ச்சிக் குறைபாட்டால் பேச்சே வராத பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை எப்படித் தெரிவிக்கிறார்கள் என்று ஆராயும் குழுவுக்காக வீடு வீடாகப் போக வேண்டும். கேள்வி கேட்டு, வீடியோ எடுத்து, படிவம் நிரப்ப வேண்டும். வடக்குப்பட்டில் ஒன்பது வயது தென்றலிடம் மூன்று முறை போய்விட்டாள். மூன்று முறையும் 'பதில் இல்லை'. இன்று நான்காவது. இதுவும் அப்படியே போனால் ஆய்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். வாராவாரம் வந்து தென்றலிடம் பேச ஆள் இருக்காது.

"அவ சொல்றாக்கா. ஆமாவுக்கு நாக்க நீட்டுவா, இல்லைக்குக் கண்ண இறுக்கி மூடுவா. நீதான் அதுக்குள்ள அடுத்த கேள்விக்கு ஓடிக்கினே கீறே" என்று அவள் அம்மா ஜோதி போன வாரம் சொன்னாள். பெத்தவள் அப்படித்தான் சொல்வாள் என்று சசிரேகா விட்டுவிட்டாள்.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது போன வார வீடியோவை ஓடவிட்டாள். கேமராவை அணைக்க மறந்திருக்கிறாள். "பாட்டு வேணுமா?" என்ற கடைசிக் கேள்வி. 'பதில் இல்லை' என்று எழுதும் தன் கை. பையின் ஜிப் சத்தம். அப்புறம், திரையின் ஓரத்தில், தென்றலின் நாக்கு மெல்ல வெளியே வந்தது.

கேள்வி கேட்டு இருபத்தொன்றாவது நொடி.

முதலிலிருந்து ஓட்டி நொடிகளை எண்ணினாள். முதல் கேள்விக்கான நாக்கு நான்காவது கேள்வியின் நடுவில் வந்து நின்றது. சசிரேகா எழுந்தே விட்டாள்.

"இன்னாக்கா, டீல பல்லி கீதா?" என்றார் டீ மாஸ்டர்.

"இல்லண்ணா. பதில் கீது!"

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜோதி இரண்டாம் ஷிப்டுக்கு யூனிபார்மில் தயாராக இருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"தென்றல், உன் பேரு கனகமா?"

ஐந்தாவது நொடியில் கை பேனாவைத் தேடியது. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. தென்றல் கண்ணை இறுக மூடினாள்.

"உன் பேரு தென்றலா?"

இருபத்திரண்டில் நாக்கு.

"நான் அழகா கீறேனா?"

பத்தொன்பதிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாருக்கா, இதுக்கு மட்டும் சீக்கிரம்" என்று ஜோதி சிரித்தாள்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜோதி வழக்கம்போல வாசலைத் தாண்டிக்கொண்டே, "அம்மா வேலைக்குப் போவட்டுமா?" என்றாள்.

"நில்லு ஜோதி. எண்ணிக்கினு கீறேன்."

பஸ் இரண்டாவது ஹாரன் அடித்தது. பதினெட்டு. ஜோதி ஒற்றைச் செருப்போடு நின்றாள். இருபது. இருபத்தொன்று. தென்றலின் கண்கள் மூடின; நெற்றியெல்லாம் சுருங்கும் அளவுக்கு இறுக்கி மூடினாள்.

"வேணாங்கறா!" ஜோதி உள்ளே ஓடி மகளை வாரிக்கொண்டாள். "தெனம் இதத்தான் சொல்லிக்கினு இருந்தியாடி? நாந்தான் நிக்கலியா?"

மூன்றாவது ஹாரன். பிறகு பஸ் கிளம்பிப் போகும் சத்தம்.

சசிரேகா படிவத்தில் எழுதினாள்: 'அம்மா வேலைக்குப் போகக் கூடாது என்றாள். 21 நொடி.' பிறகு 'பதில் இல்லை' என்று எழுதியிருந்த பழைய மூன்று படிவங்களையும் திருத்துவதற்காகப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.