தேசராணி அத்தை எங்கள் படகில் போட்ட கட்டங்கள்

இதனால் லைட்ஹவுஸ் குப்பத்துப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், இன்று ஊரில் பன்னீர் சோடா கிடையாது. புயலுக்கும் மூடாத பெட்டிக்கடை மூடியிருக்கிறது.

கடைக்காரர் இல்லை... தேசராணி அத்தை நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்குச் சொந்த அத்தை இல்லை. சோடா குடிக்கும் எல்லோருக்கும் அத்தை.

சென்னை நண்பர்களே, நான் முன்பு போட்ட கறுப்பு வெள்ளைப் படகு போட்டோவைப் பார்த்து "எடிட்டா மச்சி?" என்று கேட்டீர்களே... எடிட் இல்லை. அத்தை.

எங்கள் கடல் ஒற்றைச் செருப்பைத்தான் கரை ஒதுக்கும், ஜோடியாகக் கொடுக்காது. அத்தை அவற்றைப் பொறுக்கி வந்து, மீன் அரியும் கத்தியால் முக்கோணம், சதுரம், அரைவட்டம் என்று வெட்டுவார். படகுக்கு அடித்து மீந்த பெயின்டில் தோய்த்து, தபால் ஆபீஸில் முத்திரை குத்துவதுபோல் கடைச் சுவரில் குத்துவார்.

நடுநடுவே சோடா மூடி, வலையிலிருந்து அறுந்த மிதவை. மீன் கிடையாது, சாமி கிடையாது, ஹீரோ கிடையாது.

இது என்ன படம் என்று கேட்காத ஆள் இல்லை. "பாத்துக்கினே இரு, நவுரும்" என்பார்.

நகரும். ஒரு சோடா காலியாவதற்குள் தட்டையான சுவர் தொந்தி போடும், அப்புறம் உள்ளே குழியும்... சோடா மட்டும் குடிப்பவர்களுக்கும்தான்.

ஒரு நாள் அந்தச் சுவரில் சாக்பீஸால் "கணக்கு வாத்தியார் வாந்தி எடுத்த இடம்" என்று எழுதிவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தை அழிக்கவில்லை. என் எழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புச் சதுரங்கள். ஃப்ரேம் போட்டிருந்தார்.

"கையெழுத்து போடாம உட்டுட்டியே" என்றார். கலாய்க்கப் போனவன் சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அத்தைக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு படகு வேண்டும்... ஓட்ட இல்லை, கட்டம் போட.

எங்கள் பக்கம் படகில் பெயர் எழுதுவார்கள், சாமி வரைவார்கள், நடிகர் முகம் வரைவார்கள். கரையில் நிற்கும் பெண்கள் படகின் கலரைப் பார்த்துத்தான், நம் வீட்டுப் படகு வருகிறது என்று மீன் அள்ள அன்னக்கூடையோடு ஏலத்துக்கு இறங்குவார்கள்.

"தூரத்துல மூஞ்சியும் தெரியாது, பேரும் தெரியாது. கட்டந்தான் தெரியும்" என்பது அத்தையின் கட்சி. அதற்காக ஒருவரும் படகைக் கொடுக்கவில்லை.

எங்கள் நைனா கொடுத்தார். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் படகு மணலில் கிடந்த சமயம். பாதி காரணம் என் நச்சரிப்பு என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

அத்தை மணலில் முட்டி போட்டுக் குத்தினார். சாய்ந்து சாய்ந்து போகும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், அவற்றுக்குள் முக்கோணங்கள், ஒரே ஒரு மஞ்சள் கட்டம். படகின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன.

முதல் நாள் படகு கடலுக்குப் போனது. அத்தை சொன்னது சரிதான். அவ்வளவு படகிலும் எங்கள் படகுதான் முதலில் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் வருகிறதா போகிறதா என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பட்டைகள் ஒரு பக்கம் இழுத்தன, படகு இன்னொரு பக்கம் போனது... கண் ஏமாந்துவிட்டது. நைனா மறுபடி வலை விடப் போகிறார் என்று நினைத்து, அம்மா வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டார். நைனா மீனோடு கரையேறியபோது அன்னக்கூடையும் இல்லை, ஆளும் இல்லை. ஏலம் கலைந்துவிட்டது.

கரையே சிரித்தது. நைனா நேராகக் கடைக்குப் போனார்.

"வூட்டுக்காரன் வரானா போறானானு பொண்டாட்டிக்கே தெரியல. இன்னா கலர் இது, தேசராணி?"

அத்தையின் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு சோடா மூடியை விரலில் உருட்டினார்.

"கொஞ்ச நாளு உடுண்ணே. கண்ணு பழகிக்கும்."

"இன்னொரு வாட்டி ஏலம் போச்சுனா வெள்ளை அடிச்சிடுவேன்."

அங்கேதான் நான் என்ட்ரி கொடுத்தேன். தினமும் கரையில் போய் நிற்பேன். புருவத்தில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, "வருது" என்பேன். அம்மா அன்னக்கூடையைத் தூக்குவார். ஒரு நாளும் தப்பியதில்லை.

என் கண்ணில் ஜிபிஎஸ் இருக்கிறது என்று ஸ்கூல் முழுக்கப் பீற்றினேன். இங்கேயும் பீற்றியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும்.

கட்டங்கள் படகிலேயே தங்கிவிட்டன.

ஒரு நாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எத வச்சிடா கண்டுபுடிக்கிற?"

வரும்போது மஞ்சள் கட்டம் பெரிதாகிறது என்றேன், ஏதோ விஞ்ஞானி மாதிரி.

அத்தை கடையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தார். வெயிலில் வெகுநேரம் நின்று, எங்கள் படகு வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆமாண்டா... பெருசாவுது."

அப்புறம் கடைச் சுவர் முழுக்க மஞ்சள் வர ஆரம்பித்தது.

ஊரில் சாவு விழுந்தால் படகு இறங்காது. இன்று எல்லாப் படகும் மணலில் நிற்கின்றன. நைனா காலையிலிருந்து எங்கள் படகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். உப்புப் படிந்திருக்கிறதாம்.

மத்தியானம் எடுக்கிறார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். நானும் கிளம்ப வேண்டும்.

போய் வா அத்தை.

ஒன்றே ஒன்று மட்டும்... என் கண்ணில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, மஞ்சள் கட்டம் பெரிதானதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படகு டவர் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் நைனாவுக்கு போன் போட்டு, "வரியா, போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் புருவத்தில் கை வைப்பேன். அவரும் "வரேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். அதற்கப்புறம் வெள்ளை பெயின்ட் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.