படலைக்குள் இரண்டு பிக்கப்

என் சகலன் தன்னுடைய நீல பிக்கப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர் அதை ஒரு வாகனம் என்றே நினைக்க மாட்டார். அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மகனைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார். நானும் குறைந்தவன் அல்ல. என் வெள்ளை பிக்கப்பை யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. யப்பானில் இரண்டு கொம்பனிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்துச் செய்த வண்டிகள் அவை. அந்தப் போட்டியின் கடைசி முனை நாவற்குடாவில் எங்கள் மாமியின் வளவுக்குள் நடந்துகொண்டிருந்தது என்பது அந்தக் கொம்பனிக்காரர்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுடையவை. மாமிக்கு இரண்டு பெண்கள்; ஒரே வளவுக்குள் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவளுக்குச் சகலன் கல்குடாவிலிருந்து வந்தார். இளையவளுக்கு நான் செங்கலடியிலிருந்து வந்தேன். வீடு, கிணறு, தென்னை, தென்னையிலிருந்து விழும் குரும்பட்டி வரைக்கும் அவர்களுடையது. எங்களுடையது என்று கையைக் காட்டிச் சொல்ல அந்த வளவில் நின்றவை இரண்டு பிக்கப் மட்டும்தான். நாங்கள் அவற்றைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

நேர்மையாகவே ஒப்பிடுகிறேன். என்னுடையதற்குப் பாரம் தாங்கும் பின் வில் தடிப்பானது. படுவான்கரை வயல் வட்டையிலிருந்து நெல் மூட்டை அடுக்கிக்கொண்டு வரும்போது அசையாமல் வரும். வெறும் வண்டியாக வந்தாலோ ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பில் எண்ணலாம். என் மனைவி அதில் ஏறும்போது தலையணை ஒன்றைக் கையோடு கொண்டுவருவாள். சகலனுடையது மெத்தென்று போகும், குளிர்காற்றும் வரும். ஆனால் கல்குடாவிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றியதும் பின்பக்கம் குந்திவிடும், முன் விளக்கு இரண்டும் வானத்தைப் பார்க்கும். அந்தக் குளிர்காற்றிலும் பாரைமீன் மணக்கும்.

அவருடைய வண்டியில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டைத் தடி இருந்தது. அதை இழுத்துவிட்டால் நாலு சில்லும் சேர்ந்து இழுக்குமாம். என்னுடையதில் அது இல்லை. இல்லாததை ஏளனம் செய்வதுதானே வழி.

“அந்தக் கட்டைத் தடி என்னத்துக்கு சகலன், தேங்காய் உரிக்கவா?” என்று கேட்பேன்.

“உங்கட வண்டி சேத்துல புதையிற அண்டைக்குச் சொல்றன்” என்பார்.

ஒருவர் வண்டியில் மற்றவர் ஏறுவதில்லை என்பது எழுதாத சட்டம். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால்கூட யார் வண்டியில் என்று பெரிய பேச்சு நடக்கும். முழங்கால் வாதம் பிடித்த அந்த மனுசி, “எனக்கு ஓட்டோ பிடிச்சுத் தாங்க, நான் போறன்” என்று சொல்லிவிடுவார்.

வளவுக்கு வாசற்படலை ஒன்றுதான். வேலியும் கிணறும் போக வண்டிகள் ஒன்றின் முன் ஒன்றாகத்தான் நிற்க இடம் இருந்தது. அவர் எப்போதும் பின்னுக்கு எடுத்துத் தெருவைப் பார்க்க நிறுத்துவார். நான் நேரே வந்து மூக்கை உள்ளே விடுவேன். நான் பிந்தி வரும் நாளில் இரண்டும் முட்ட நிற்கும் கிடாய்கள் மாதிரி நிற்கும். இரண்டாவதாக வந்தவன் வண்டி படலையை அடைத்து நிற்கும். முதலில் வந்தவன் வெளியே போக வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். “சகலன், வண்டியக் கொஞ்சம் எடுங்க” என்ற அந்த ஒரு வரியை அவர் வாயால் கேட்பதற்காகவே கல்லடித் தேநீர்க் கடையில் வேலை இல்லாமல் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்த நாட்கள் எனக்கு உண்டு.

வண்டிச் சாவியை நாங்கள் திறப்பு என்போம். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் வண்டியைக் ‘கொஞ்சம் தாங்க’ என்று கேட்டு வருபவர்கள் பல வகை. தோளில் துவக்கோடு கேட்பார்கள். வண்டி எப்போது திரும்பி வரும், எந்தக் கோலத்தில் வரும் என்று நாங்கள் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே வண்டிக்காரர் எவரும் திறப்பை வண்டியிலோ வீட்டிலோ வைப்பதில்லை. சாரத்தின் இடுப்பு மடிப்பில் சொருகியிருக்கும். ‘திறப்பு அவரிட்ட, அவர் வீட்டில இல்ல’ என்று பெண்கள் சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் செங்கலடியில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஒருவன் போவதற்கு டீசல் எரிப்பானேன் என்று பஸ்ஸில் போயிருந்தேன். முதல்நாள் வழக்கம்போல வேண்டுமென்றே பிந்தி வந்ததால் என் வெள்ளைதான் படலையை அடைத்து நின்றது. கியரில் போட்டு, கைப்பிரேக்கும் இழுத்திருந்தேன். திறப்பு என் இடுப்பில்.

கடல் வருகிறது என்று ஆட்கள் கத்திக்கொண்டு ஓடியபோது வளவில் சகலன், என் மனைவி, அவளுடைய அக்காள், பிள்ளைகள், ஓட முடியாத மாமி. எல்லோரையும் நீல வண்டியில் ஏற்றினார். முன்னால் என் வண்டி. நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னது என் மூத்த மகள். “பெரியப்பா அந்தக் கட்டைத் தடிய இழுத்தார். மறுகா உங்கட வண்டிய இடிச்சுத் தள்ளினார்.” நாலு சில்லும் மண்ணைக் கிளறிக்கொண்டு, என் வண்டியைப் படலையோடும் தூணோடும் பின்னுக்குத் தள்ளி எதிர் வேலிக்குள் ஏற்றிவிட்டுத்தான் நீலம் தெருவில் இறங்கியது. தெருவில் ஓடிய ஆட்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டினார். தண்ணீர் கதவின் கீழ்விளிம்பைத் தொட்டதாம்.

பஸ் இல்லை. கிடைத்ததில் தொற்றி, மிச்சத்தை நடந்து, பின்னேரம் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கண்டேன். எல்லோரும் இருந்தார்கள். பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எங்கள் தெருவில் அப்படி எண்ணி முடிக்காத வீடுகள் எத்தனையோ. நான் நிலத்தில் குந்தி அழுதேன்.

சகலன் பக்கத்தில் வந்து நின்றார். “சகலன், தேங்காய் உரிச்சாச்சு” என்றார்.

பிறகு என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “திறப்பு எங்க எண்டு எல்லாரும் கேட்டவங்க. எனக்கிட்டத் தந்திற்றுப் போனீங்க, நான்தான் எங்கயோ துலைச்சிற்றன் எண்டு சொல்லிற்றன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்க.”

“ஏன் சகலன்?”

“நீங்க உசிரோட இருக்கீங்களா எண்டு தெரியாம உங்கட மனிசி அழுதுகொண்டிருந்தா. அந்த நேரம் அவக்கிட்ட உங்களைப் பற்றிக் குறை சொல்லச் சொல்றீங்களா?”

இடுப்பில் திறப்பு குத்திக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் நாலு வருடத்துக்கு மேல் ஓடியது. என் வண்டியிலிருந்து உப்பு மண்ணை அள்ளி, கராஜில் மூன்று மாதம் போட்டு எடுத்தேன். முன் பம்பரில் ஒட்டியிருந்த நீலப் பெயின்டை மட்டும் சுரண்ட விடவில்லை. வீடுகளைத் திருத்திக்கொண்டு வந்தோம். படலை திரும்பப் போடவில்லை. வண்டிகளை ஒன்றை ஒன்று மறிக்காமல் சாய்த்து நிறுத்தப் பழகிக்கொண்டோம். வேலி கொஞ்சம் இடம் கொடுத்தது.

ஆனால் வீட்டில் எது காணாமல் போனாலும் சகலனுக்குத்தான் பேச்சு. குடை காணவில்லையா, “அத்தான் துலைச்சிருப்பார்” என்பாள் என் மனைவி. அகப்பை காணவில்லையா, அதற்கும் அவர்தான். அவருடைய மனைவி சிலநேரம் பகிடியை விட்டு உண்மையாகவே ஏசுவாள்: “ஒரு திறப்பைப் பத்திரமா வச்சிருக்கத் தெரியாத மனிசன். அண்டைக்கு எங்கட உசிரெல்லாம் போகப் பார்த்தது.” அவர் சிரித்துக்கொண்டு மீன் பெட்டியைக் கழுவுவார்.

வண்டிச் சண்டை மட்டும் நிற்கவில்லை. சோதனைச்சாவடியில் ஐஸை இறக்கி ஏற்றுவதற்குள் பாதி கரைந்துபோனது என்று அவர் சொன்னால், நெல் கரையாது என்று நான் சொல்வேன். என் வில், அவர் ஆசனம் எல்லாம் வரும். அந்த நேரம் அவர் திறப்பைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் போதும், நான் எழுந்து உள்ளே போக வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பேன். அவர் சொன்னதே இல்லை. கடைசியில் “சரி, உங்கட வண்டிதான் வண்டி” என்று விட்டுவிடுவார். அப்படி நான் வென்ற சண்டைகள் எல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தன.

யுத்தம் முடிந்தது. சில தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் வளவில் எவரும் வாசலுக்கு வரவில்லை; வன்னியில் இருந்த சொந்தங்கள் என்ன ஆனார்கள் என்று அப்போது தெரியாது. கொஞ்சக் காலம் போன பிறகு, பிள்ளைகள் கடலைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று மாமி சொல்ல, கல்குடாவுக்குப் போனோம். வழக்கம்போல இரண்டு வண்டியில்தான்.

சுனாமிக்குப் பிறகு பிள்ளைகள் கடலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். நானும் குளிக்க இறங்கினேன். திறப்பை யாரிடம் கொடுப்பது என்று திரும்பிப் பார்த்தேன்.

“அத்தானிட்ட மட்டும் குடுத்திராதீங்க” என்றாள் என் மனைவி. “கடல் வந்த அண்டைக்கு ஒருக்காத் துலைச்சது போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் சகலன். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவர் துலைக்கல்ல” என்றேன். “அண்டைக்குத் திறப்பு என்ர இடுப்பிலதான் இருந்தது. செங்கலடிக்குக் கொண்டுபோயிற்றன். எனக்காக இவர் பொய் சொன்னவர்.”

என் மனைவி குனிந்து ஈரமணலை இரண்டு கையாலும் அள்ளி என் நெஞ்சில் எறிந்தாள். பிறகு இன்னொரு கை. அக்காள் தன் புருசனைப் பார்த்து, “இவ்வளவு நாளும் நான் ஏச ஏச வாங்கிக்கொண்டு இருந்தீங்களே” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். சகலனுக்குத்தான் கோபம் வந்தது.

“என்னத்துக்கு இப்ப சொன்னீங்க? எனக்கு அது பழகிற்று” என்று சொல்லிவிட்டு, சட்டையோடு கடலில் இறங்கிவிட்டார்.

திரும்பி வரும் வழி முழுக்க என் மனைவி தலையணையைக்கூட எடுக்காமல் குழிகளைத் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் முதலில் வந்து, மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினேன். சகலன் இன்னும் வரவில்லை. மீன்காரரிடம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வட்டைக்குப் போக வெளியே வந்தேன். என் வண்டிக்குப் பின்னால், படலை இருந்த இடத்தை அடைத்துக்கொண்டு, நாலு விரல் இடைவெளியில் நீலம் நின்றது. சகலன் விறாந்தையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். என்னைப் பார்க்காதவர் போல ஊதி ஊதிக் குடித்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “சகலன், வண்டியக் கொஞ்சம் எடுங்க.”

“நீங்களே எடுங்க. திறப்பு அதிலதான் கிடக்கு.”

கதவைத் திறந்து ஏறினேன். அந்த ஆசனத்தில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. மெத்தென்றுதான் இருந்தது, அதை அவருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. வண்டியைத் தெருவோரம் எடுத்து விட்டு இறங்கினேன். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் திறப்பை உருவி என் இடுப்புக்குக் கொண்டுபோயிருந்தது. சகலன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போய், திறப்பை அது இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.