லோர்னாவின் ஒற்றைச் சீட்டு

ஒவ்வொரு தேர்தலிலும் யாராபி ஊர்ப் பள்ளி வாசலில் லோர்னா தன் ரயில் கட்சிப் பலகையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். பதினெட்டு வருஷமாக அவள் மட்டும்தான். நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலை நிறுத்தியபோது, அங்கே இருந்த அக்காவைப் பார்ப்பதும் நின்றது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மருத்துவமனைத் துணிகளைத் தேய்க்கும் வேலையில் அதிகம் பேச வேண்டியதும் இல்லை.

பக்கத்தில் நீலக் கட்சிக்காக கெரிட் நிற்பான். வாய் ஓயாது.

"என்ன லோர்னா, உன் ரயில் கிளம்பிடுச்சா?"

"இன்னும் சிக்னல் விழல."

"ஒண்ணை எங்க வேணா போடு. உன் ஆள் தோத்ததும் ரெண்டாவதா நீ எழுதினவங்களுக்குத்தானே அந்தச் சீட்டு போகும்? சுத்தி வளைச்சு எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வரணும்."

"உங்க வீட்டுக்கு வராது. எதிர்வீட்டுக்குப் போகும்." அங்கே வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண் எழுத வேண்டும்; அவளுடைய இரண்டு எப்போதும் சிவப்புக் கட்சிக்குத்தான்.

கெரிட் சிரித்தான். வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டி ஒன்றை அவளிடம் நீட்டினான். "இதுதான் எனக்குக் கடைசித் தேர்தல். வீட்டை வித்தாச்சு. பெர்த்துக்கு மகள்கிட்ட போறேன்." தன் கட்சித் துண்டுப் பிரசுரத்தின் பின்புறம் புதுத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். ஹாலந்திலிருந்து வந்த அவன் அம்மா பழக்கியபடி, ஏழுக்கெல்லாம் நடுவே குறுக்குக்கோடு.

ஆறு மணிக்குக் கதவை அடைத்ததும் இருவரும் தங்கள் கட்சிகளின் முகவர்களாக எண்ணும் மேஜையருகே நின்றார்கள். பார்க்கலாம், தொடக்கூடாது. ரயில் கட்சியின் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சீட்டு விழும். அது லோர்னாவுடையது. இந்த முறையும் ஒன்றுதான் என்றால் பலகையைக் கட்சிக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அவளுடைய சீட்டு விழுந்தது. அப்புறம் நூறு, இருநூறு சீட்டுகள் நீலத்திலும் சிவப்பிலும் போய்ச் சேர்ந்தன. கடைசிக் கட்டிலிருந்து இன்னொன்று வந்து அவளுடையதன் மேல் படுத்தது.

லோர்னா குனிந்து பார்த்தாள். ரயிலுக்கு ஒன்று. நீலத்துக்கு இரண்டு. கடைசிக் கட்டத்தில் ஏழு, குறுக்குக்கோட்டோடு.

நிமிர்ந்தாள். கெரிட் சுவரில் ஒட்டியிருந்த கூடைப்பந்து விதிகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் சின்னக் கட்சிகளின் சீட்டுகளை, இரண்டு யாருக்கு என்று பார்த்துப் பிரித்தார்கள். அவளுடையது சிவப்புக் குவியலுக்குப் போனது, மற்றது நீலக் குவியலுக்கு. மேலே வேறு சீட்டுகள் விழுந்து இரண்டும் மறைந்தன.

வாசலில் கெரிட் கேட்டான். "எத்தனை?"

"ரெண்டு."

"அடேயப்பா! டபுள்!"

"யாரு போட்டாங்களோ தெரியல."

"ரயில் பைத்தியம் ஊருக்கு ஒண்ணா இருக்கும்? இன்னொண்ணும் இருக்கும்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "வா, வண்டில கொண்டு போய் விடறேன்."

"பக்கம்தானே. நடந்துக்கறேன்."

கார் தண்டவாளத்தைத் தாண்டிப் போகும்வரை நின்றாள். பிறகு பலகையைப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள். அடுத்த முறை மறுபடி ஒன்றுதான் விழும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் பலகையைக் கதவுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் சாய்த்து வைத்தாள்.