சாயக்காரர் விட்டுப்போன கதை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் பிள்ளையார்பாளையம் வரைக்கும் கேட்கும். இதை நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் தறிக்கூடத்துக்குப் பட்டுக்குச் சாயம் போடுகிற ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். முழங்கை வரைக்கும் சிவப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மத்தியானம் நாங்கள் சாப்பிடும்போது ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவார். நிழல்கள் பேசுகிற ஒரு நாடு. அங்கே கூலிக்குக் கொலை செய்கிறவனிடம் தொழில் பழகும் சீடன் ஒருவன். ராஜாவுக்குப் பாலில் விஷம் வைக்கச் சொல்கிறார்கள். அவனுக்கோ மனசு வரவில்லை.

அன்றைக்குச் சீடன் பால் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டான். கூடமே மூச்சு விடவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"கையப் பாருங்கப்பா! இவரு வேலைய முடிச்சிட்டே வந்துட்டாரு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கையால சோறு ஊட்டுனா எம் பொண்ணு வாங்கிக்க மாட்டேங்குதுபா, பயப்படுது. இங்கதான் யாரும் கையப் பாக்காம கதைய கேட்டுக்கினு இருந்தீங்க."

புத்தகத்தை என் மடியில் வைத்தார். "மீதிய நீயே படிச்சிக்க."

அடுத்த வாரம் சாயம் போட்ட பட்டு நூலை வேறு ஆள் கொண்டுவந்தான்.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"அவன் விஷம் குடுத்தானான்னு படிச்சு சொல்லட்டுமா மாமா?" என்கிறாள் மருமகள்.

வேண்டாம் என்றுவிட்டேன். அவர் நிறுத்திய பக்கத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.