மூன்றாவது லெவலில் அண்ணி

கல்லூரி விட்டு மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல் முடியைத் துண்டால் சுற்றியிருந்தார். மவுஸைப் பிடித்திருந்த விரல்களில் மஞ்சள் கறை. மீன் குழம்பின் வாசனை இன்னும் ஹாலில் நின்றது. செருப்பைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்புக் கோட்டையின் வாசலில், கிழிசல் பாவாடையும் கையில் ஒரு மரக்கழியுமாக ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கோட்டை வரை போய்ச் சேர எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. இரும்புக் கவசமும் நெருப்பு வாளும் முப்பத்தைந்தாவது லெவலும் இருந்தும், வாசற்காவலர்களிடம் இரண்டு முறை செத்திருந்தேன். அண்ணியின் பெண் உயிரோடு நின்றாள். திரையின் இடது மூலையில் அவளுடைய லெவல் தெரிந்தது. மூன்று.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட முடிந்திருக்கவில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா மில் தொழிலாளியாக இருந்து, மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அண்ணியிடமிருந்து நாங்கள் அதிகம் கேட்ட சொல் "சரி" என்பதுதான். எந்த டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும், குழம்புக்குப் புளி எவ்வளவு, வெள்ளிக்கிழமை எந்தக் கோயில் எல்லாம் அம்மாவின் முடிவு. அண்ணி, "சரி அத்தை" என்பார். பி.காம். கடைசி வருடப் பரீட்சைக்கு முன்பே கல்யாணம் வைத்தார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அப்போது இருபது வயது. இதையெல்லாம் கவனிக்கும் கண் எனக்கு இல்லை. வீட்டுக்கு ஒரு அமைதியான அண்ணி வந்திருக்கிறார், காபி நன்றாகப் போடுகிறார், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் என் படிப்புக்காக வாங்கியது. படிப்பைவிட அதில் அதிகம் ஓடியது நண்பனிடமிருந்து எடுத்து வந்த ஒரு மாயாஜால விளையாட்டுத்தான். ஓநாய்க்காடு, எலும்புக்கூடுகள் உலவும் சுரங்கம், பனிமலை, கடைசியில் கறுப்புக் கோட்டை. கோட்டைக்குள் கோடாரியோடு ஒரு கொம்பு வைத்த ராஜா. அவனை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இதுல இன்னா பண்ற நீ?" என்று கேட்டார். விளையாட்டாக அவருக்கென்று ஒரு பெண்ணை உருவாக்கி, எந்த விசைக்கு நடக்கும், எதற்கு அடிக்கும் என்று காட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். ஒரு வாரத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. மிருகங்களை வீழ்த்த வீழ்த்த அனுபவம் சேரும். ஆனால் லெவல் தானாக ஏறாது. ஊர் எல்லையில் சிறகு விரித்த ஒரு கற்சிலை நிற்கும். அதன் முன்னால் போய் நின்றால், உயர விரும்புகிறாயா என்று கேட்கும். ஆம் என்றால்தான் சேர்த்த அனுபவம் பலமாக மாறும். முதல் சில நாட்கள் நான் சொன்னபடியே ஆம் சொல்லி மூன்றாவது லெவலுக்கு வந்த அண்ணி, அதோடு நின்றுவிட்டார். சிலையைத் தாண்டித்தான் எந்த வழியும் போகும். ஒவ்வொரு முறையும் அது கேட்கும். ஒவ்வொரு முறையும் அண்ணி இல்லை என்பதை அழுத்திவிட்டு நடப்பார். கோட்டை வாசலில் அவரைப் பார்த்த அன்று, தெரியாமல் செய்கிறார் என்று நினைத்து விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ ஆடுறத பாத்தேன். நீ கிட்ட போறதுக்குள்ள எல்லாம் செத்துடுதுங்க. அது எப்படி நிக்குது, எப்படிப் பாயுதுன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்."

உண்மையில் தெரிந்திருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய பி.காம். நோட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பெரிய ஓநாய் உறுமினால் மூன்று எண்ணு, இடப்பக்கம் ஓடு. எலும்புக்கூடு குனிந்தால் அடிக்காதே, நிமிரும்போது அடி. பனிமலைப் பூதத்துக்குக் கழுத்து திரும்பாது. ஓநாய்க்காட்டில் ஒரு வாரம் எதையும் அடிக்காமல் பாறை மேல் நின்று வெறுமனே பார்த்தாராம். "எங்க வூட்டு மாடு முட்டறதுக்கு முன்னாடி பின்னங்கால மாத்தி வைக்கும். இதுங்களும் அப்படித்தான். எதையாச்சும் ஒண்ணக் காட்டிக் குடுத்துடும்" என்றார். நான் ஒரு அடியில் முடிக்கும் ஓநாயை அவர் இருபது அடியில் முடிப்பார். அந்த இருபது அடிக்குள் ஓநாயின் ஒரு கடிகூட அவர்மேல் படக் கூடாது. பட்டால் சாவு. அன்றுமுதல் மதியங்களில் கல்லூரியிலிருந்து நேராக வீட்டுக்கு வரத் தொடங்கினேன். அப்படி ஒரு கூர்மையை நான் எந்த விளையாட்டு மைதானத்திலும் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "மத்தியானத்துல செத்த கண்ணசரலாம்ல? பொட்டிக்குள்ள எலி வேட்டை ஆடிக்கினு கீறா" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் அண்ணிக்குக் கேட்கும்படியே சொல்வார். ஆனால் வேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, துணி மடித்து வைத்துவிட்டுத்தான் அண்ணி உட்காருவார். நான்கு மணிக்கு அடுப்படியில் இருப்பார். எவ்வளவு முக்கியமான கட்டமானாலும் அம்மா கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்துவிடுவார். பாதியில் விட்டால் அந்தப் பெண் செத்துவிடுவாள். சாகட்டும் என்று எழுந்துபோவார். மறுநாள் மறுபடியும் அந்தக் கட்டத்தின் முதலிலிருந்து. எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

கொம்பு ராஜாவின் மண்டபத்தில் அண்ணி இரண்டு மாதம் தோற்றுக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக நான்கு நாள் பாகூருக்குப் போனார். அவர் இல்லாத ஒரு மதியம் என் நண்பன் வீட்டுக்கு வந்தான். அண்ணியின் பெருமையைச் சொல்லி அவர் ஆட்டத்தைத் திறந்து காட்டினேன். அவன் சிரித்தான். "மூணாவது லெவலா? வெட்டி வேலைடா. எவ்வளோ சேந்திருக்குன்னு அந்தச் சிலைகிட்ட போய்ப் பாரு" என்றான். போனேன். அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மாதக்கணக்கில் அவர் தொடாமல் வைத்திருந்தது மொத்தமும் மடை திறந்த மாதிரி இறங்கியது. மூன்று, ஒன்பது, பதினேழு என்று ஓடி இருபத்தொன்பதில் நின்றது. சிலையிடம் ஆம் சொன்னால் விளையாட்டு தானாகவே பதிந்துகொள்ளும், பழையபடி திரும்ப வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தை அண்ணிக்கு முன்பே ஆடியவன் நான். அதற்குப் பிறகு கோட்டைக்குள் போய், அண்ணி நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, கொம்பு ராஜாவை ஐந்து நிமிடத்தில் கொன்றேன். நண்பன் கைதட்டினான்.

அண்ணிக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவருடைய மூன்று என் முப்பத்தைந்தைச் சிறியதாக்கிவிட்டிருந்தது. அதுதான் உண்மை.

அண்ணி திரும்பி வந்த அன்று, நிச்சயதார்த்த அதிரசத்தை முதலில் எனக்குத்தான் எடுத்து வைத்தார். வேலைகளை முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் செய்ததைச் சொல்லாமல் ஓரமாக நின்றேன். மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். ஓநாய்க்காட்டுக்கு அந்தப் பெண்ணை நடத்திப் போனார். ஒரு ஓநாய் பாய்ந்தது. கழியை ஒரு முறை வீசினார். அது சுருண்டு விழுந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துபோய் அரிசி களைய ஆரம்பித்தார். இன்னும் மூன்று மணிகூட ஆகவில்லை.

இரண்டு நாள் பொறுத்து, மாடியில் அவர் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "மன்னிச்சிடுங்க அண்ணி. ஒங்களுக்கு ஈஸியா இருக்கட்டும்னுதான்" என்று இழுத்தேன். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது. அண்ணி கையிலிருந்த சட்டையை உதறி மடித்தார்.

"இந்த வூட்டுல நான் வேணாம்னு சொன்னது அது ஒண்ணுதான் தம்பி" என்றார். "அதுக்கும் எனக்குப் பதிலா நீ சரின்னு சொல்லிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மடித்த துணியில் என்னுடையதைத் தனியாகப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வெயிலில் காய்ந்த அந்தத் துணி என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. மதியங்களில் அம்மா ஆசைப்பட்டபடி படுத்துத் தூங்கினார். அந்த அமைதியில் வீட்டில் ஏதோ செத்துப்போன மாதிரி இருந்தது. அது எனக்கு மட்டும் தோன்றவில்லை. ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே, "ஏன், இப்பல்லாம் நீ ஆடுறதில்ல?" என்று கேட்டான். அண்ணி அவன் தட்டில் குழம்பை ஊற்றினார். நான் சொன்னேன், நண்பன் முன்னால் செய்தது உட்பட எல்லாவற்றையும். அண்ணன் என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "மொதல்லேந்து ஆடு. எவன் வர்றான் பாக்கறேன்" என்று அண்ணியிடம் சொன்னான். அண்ணன் பொதுவாக அதிகம் பேசுகிறவன் இல்லை. மறுநாள் அண்ணி புதிதாக ஒரு பெண்ணை உருவாக்கினார். அதே கிழிசல் பாவாடை, அதே மரக்கழி. மூன்று வரை ஏறி, நின்றுகொண்டார்.

அதற்குள் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பொங்கலுக்கு வந்தபோது அண்ணி மறுபடியும் கொம்பு ராஜாவின் மண்டபத்தில் இருந்தார். காணும் பொங்கலன்று மதியம் என்னைக் கூப்பிட்டார். "வந்து ஒக்காரு. பாரு, கை மட்டும் வைக்காத." நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் கட்டிலில் இருந்தான். அப்பாகூட பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார்.

கோடாரி ஒவ்வொரு முறை உயரும்போதும் அந்தச் சின்னப் பெண் தூணுக்குப் பின்னால் இருப்பாள். அது தரையில் பதிந்து கிடக்கும் ஒரு நொடியில் ஓடிவந்து கழியால் ஒரு அடி. மறுபடியும் தூண். அவனுடைய உயிர்க்கோடு நூல் நூலாகத்தான் குறைந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அண்ணியின் உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தன. கோடு சுண்டுவிரல் நகமளவுக்கு வந்தபோது, வாசலில் முறுக்கு விற்பவரிடம் பேசிக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தார். "அடுப்புல பால் பொங்குது பாரு!"

நான் அண்ணியின் முதுகைப் பார்த்தேன். எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் எழுந்துவிடுகிறவர்.

"நீங்க போய் எறக்குங்க அத்தை" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் இல்லை.

அம்மா வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றார். எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். திரையில் அந்தப் பெண் தூணுக்குப் பின்னாலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படிக்குப் போனார். பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. கொம்பு ராஜா முழங்காலிட்டு விழுந்தான். அண்ணன், "விழுந்துட்டான்!" என்று கத்தினான். அண்ணி மவுஸை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மாதான் எல்லோருக்கும் காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அண்ணி விட்டுப்போன பரீட்சைகளை எழுதினார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. இப்போது கதிர்காமத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். நான் கம்ப்யூட்டர் முன்னாலேயே பிழைப்பு நடத்துகிறவன். இப்படிக் கீழ் லெவலிலேயே நின்று ஆட்டத்தை முடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதை இப்போது நெட்டில் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கிறார்கள். அண்ணிக்கு அன்று இருந்தது நாங்கள் நான்கு பேர்.

போன மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் ஹாலுக்குள் ஏறி, மூலையில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. செய்தி கேட்டதும் சென்னையிலிருந்து வந்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினேன். எதுவும் மீளவில்லை. இந்த முறையாவது அவருடையதைக் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. மதியம் வெறுங்கையோடு திரும்பினேன். அன்று அண்ணிக்கு வார விடுமுறை. வாசலில் வைத்திக்குப்பத்து மீன்கார அம்மாவிடம் வாங்கிய சங்கரா மீனை அலசிக்கொண்டிருந்தார். எதையும் மீட்க முடியவில்லை என்று சொன்னேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கா இவ்ளோ அலைஞ்ச? போனா போவட்டும் தம்பி" என்றார். "நான் முடிச்சிட்டேன்ல?"

பிறகு மீன் சட்டியை என் பக்கம் தள்ளி, தண்ணீர் ஊற்றச் சொன்னார்.