பூங்கொடி மாடி ஏறினாள்

‘நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் அதிகம். இதயத்தின் வலது பக்கம் விரிந்துள்ளது.’

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கைக்கு வந்த எக்கோ ரிப்போர்ட், தமிழில் சொன்னால் இவ்வளவுதான். மேலே என் மனைவி பூங்கொடியின் பெயர். முதலிபாளையத்தில் பனியன் செக்கிங், அயர்னிங் யூனிட் நடத்துகிறாள். கீழே அயர்னிங், மாடியில் செக்கிங்.

அந்த மாடிதான் முதலில் காட்டிக் கொடுத்தது. பாதிப் படியில் மூச்சு வாங்கியது. பிறகு கால் வீங்கியது. ஒருநாள் மயங்கியே விழுந்தாள்.

திருப்பூரில் யாருக்காவது மூச்சு வாங்கினால் ஊரே சேர்ந்து சொல்லும் காரணம் என்ன? பஞ்சு! அதற்கு மருந்து? வெல்லம், வாழைப்பழம். நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் மைத்துனன் செந்தில் தார் தாராகக் கொண்டுவந்து இறக்கினான். அக்கா பழம் தின்றாள்... மூச்சு மட்டும் திரும்பவில்லை.

கோவையில் டாக்டரிடம் செந்தில்தான் கேட்டான்: “கையில பிரஷர் பார்த்தா நார்மல்தானுங்களே?”

“கையில பார்க்கிறது வேறங்க. இது நுரையீரலுக்குப் போற குழாயில இருக்கிற பிரஷர்.”

எங்களுக்கு விளங்கவில்லை. பூங்கொடிக்கு விளங்கிவிட்டது.

“ஏனுங்க டாக்டர், பாய்லர் கேஜ் சரியாத்தான் காட்டும். ஒரு அயர்னிங் டேபிளுக்குப் போற ஸ்டீம் லைன்ல மட்டும் கோளாறு இருக்கும். அப்படிங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “கிட்டத்தட்ட அதேதாங்கம்மா. லைன் குறுகிப் போச்சு. அதுக்குள்ள ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் களைச்சுப் போகுது.”

எக்கோ சந்தேகத்தைத்தான் சொல்லும். இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அளந்த பிறகே நோய் உறுதியானது. நுரையீரலில் ரத்தக்கட்டி இல்லை என்பதற்குத் தனி ஸ்கேன். முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது — டாக்டர் அழுத்திச் சொன்னார்.

முதல் நாளே விட இருந்தோம்.

மெடிக்கலுக்குப் போன செந்தில் வெறுங்கையோடு வந்தான். முகமெல்லாம் சிவப்பு.

“மச்சான்... டாக்டர் ஆள மாத்தி எழுதிட்டாருங்க. இது ஆம்பளைங்க சமாச்சாரமாமா. கடைக்காரன் ‘உங்களுக்குங்களா’ன்னு சிரிக்கிறான். ‘எங்கக்காளுக்கு’ன்னேன்... இன்னும் சிரிக்கிறான்!”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். மாத்திரை எங்கடா?” என்றாள் பூங்கொடி.

“வாங்கலைக்கா.”

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். கடையில் கூட்டம். கண்ணாடி மேஜைமேல் ரிப்போர்ட்டை விரித்து வைத்தாள்.

“தம்பி, இந்த மாத்திரை எனக்குத்தானுங்க. நுரையீரல் குழாய விரிச்சுக் குடுக்கும். மூணு வேளைக்கும் வேணும். சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா... எடுத்துக் குடுங்க.”

கடைக்காரர் ரிப்போர்ட்டைப் படித்தார். “மன்னிச்சுக்குங்கக்கா” என்று எடுத்துக் கொடுத்தார். இப்போது ஸ்டாக் தீருவதற்கு முன் அவரே போன் செய்கிறார்!

ஆண்மைக் குறைவுக்கும் நுரையீரல் குழாய்க்கும் ஒரே மருந்து. ஒருவருக்குக் கேலி, இன்னொருவருக்கு மூச்சு. பாதி தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பில் எத்தனை பேர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பார்கள்?

மாத்திரைகள் சேர்ந்தன, உப்பு குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைக்கும் ஆறு நிமிட நடைச் சோதனையில் முன்பைவிட அதிக தூரம் நடந்தாள். “மெதுவாப் படி ஏறலாம்” என்றார் டாக்டர்.

போன புதன்கிழமை ஏறினாள்.

மேலே செக்கிங் பெண்களின் செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அக்கா இனி மாடிக்கு வரமாட்டார் என்ற தைரியம்! கதவில் நின்றவளைப் பார்த்ததும் பாட்டு நின்றது. அவள் ஒரு பனியனை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

“இந்தக் கைக்கிட்ட ஓட்டை இருக்குதே... கண்ணுக்குத் தெரியலியா, கண்ணு?”

திட்டு வாங்கிய பெண்களே கைதட்டினார்கள். கீழே அயர்னிங்கிலிருந்து பின்னாலேயே ஏறி வந்த ஒடிசாப் பெண் சுனிதா மட்டும் விடவில்லை. அவளுக்கு அக்கா ‘தீதி’. “தீதி, நடுப் படியில நின்னீங்க. நான் பாத்தேன்.”

“பல்பு ஃபியூஸ் போயிருந்துச்சு. அதைப் பார்க்க நின்னேன்.”

சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இடையில் யாராவது மாற்றினார்களா என்று கேட்டேன்... ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆகவே பூங்கொடி நின்றது பல்புக்காகவா, மூச்சுக்காகவா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.

ஏறி முடித்தாள் என்பது சரிபார்க்கப்பட்டது!