சந்தனம் பூசிய எஃபெக்ட்ஸ் பெட்டி

இது நடந்தது 1986இல், நயினாதீவில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நாரந்தனையில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. வேலை முடிந்தால் கிற்றார். வேலை நேரத்திலும் மனசு கிற்றாரில்தான் என்று மனேச்சர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அவர் சொன்னதில் பிழையில்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் நாங்கள் ஒரு சின்ன இசைக்கோஷ்டி வைத்திருந்தோம். கோயில் திருவிழா, கலியாண வீடு, வாசிகசாலை ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். கூப்பிடாத இடத்துக்கும் போக ஆயத்தமாகத்தான் இருந்தோம். என் கிற்றார் கடையில் வாங்கியதல்ல. அதன் உடம்பை எங்கள் ஊர்த் தச்சர் வேப்பம் பலகையில் செய்து தந்தார்; கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தக் கட்டை மட்டும் கொழும்பிலிருந்து வந்தது. பார்க்க நல்ல வடிவு. சத்தம்தான் வடிவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் கோஷ்டித் தலைவரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஓகனோடு வந்து இறங்கினார். ஓகன் என்றால் மின்சாரத்தில் வேலை செய்கிற கீபோர்ட். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதில் ஒரு பொத்தானை அமத்தினால் வயலின். இன்னொன்றை அமத்தினால் புல்லாங்குழல். மூன்றாவதை அமத்தினால் கிற்றாரே வந்தது. அந்த மூன்றாவது பொத்தானைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைவர் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் என் தோளில் கை போட்டார். “உம்மடை கிற்றார் தகரப் பேணியிலை தட்டினமாதிரிக் கிடக்கு. நயினாதீவு வாசிகசாலை விழாவிலை ஒருக்காப் பாப்பம். சரிவராட்டி, நீர் இனிக் கீழை சனத்தோடை இருந்து கேளும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வழி காட்டியவர் எங்களுக்கு ஒலிபெருக்கி பூட்டுகிறவர். நயினாதீவில் ஒரு வீட்டில் கிற்றாருக்கான எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறதாம். வீட்டுக்காரர் ஜேர்மனியில், அதை விற்கப் போகிறார்களாம். அந்தப் பெட்டியைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. கிற்றாரின் வயர் ஒரு பக்கத்தால் உள்ளே போகும், மறுபக்கத்தால் அம்ப்ளிபயருக்கு வரும். ஒரு பொத்தானை அமத்தினால் எதிரொலி, இன்னொன்றுக்குத் தண்ணீர் அலைபோல ஒரு நெளிவு, இன்னொன்றுக்கு உறுமல். யாழ்ப்பாணத்துப் பெரிய கோஷ்டிகளின் கிற்றார் ஏன் அப்படிப் பேசுகிறது, என்னுடையது ஏன் இப்படி இருமுகிறது என்பதற்கு விடை அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிற்றாரை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் குறிகட்டுவான் படகுத் துறைக்கு விட்டேன். எதிர்க்காற்று. அங்கிருந்து நயினாதீவுக்கு மோட்டார் லோஞ்சில் கடலைக் கடந்தேன்.

கதவைத் திறந்தவர் அந்த வீட்டு அக்கா. முப்பது வயது இருக்கும். தேத்தண்ணி தந்து கதிரையில் இருத்திவிட்டு, பெட்டியின் கதையைச் சொன்னார். கணவருக்குத் தெற்கே காலி நகரில் கடை. பின்னேரங்களில் அங்கே ஒரு ஹோட்டல் பான்ட்டில் கிற்றார் வாசிப்பாராம். பெட்டியும் அந்த பான்ட்டில் இருந்த ஒருவர் வாசித்துப் பழசாக்கி விற்றதுதான். தீவார் பலருடைய வீட்டைப் போல அவர் கடையோடு தெற்கில், இவர் பிள்ளைகளோடு ஊரில். அதனால் கணவர் வாசித்ததை இவர் ஒருநாளும் கண்டதில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கடை எரிந்தது, கிற்றாரும் எரிந்தது. உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவரின் கையில் இந்தப் பெட்டி மட்டும் இருந்ததாம்.

“ஏன் இதை எடுத்தனீங்கள் எண்டு கேட்டனான். கைக்கு அதுதான் வந்தது எண்டார். பிறகு ஜேர்மனிக்குப் போட்டார். இப்ப ரெலிபோனிலை, அது சும்மா கிடந்தால் செத்துப்போம், வாசிக்கிற ஒராளிண்டை நல்ல கையிலை குடு எண்டு சொல்லுறார்.”

சொல்லிவிட்டு எழும்பிப் போய், கை கால் கழுவி, சாமி அறைக்குள் போனார். சரஸ்வதி படத்தின் பக்கத்திலிருந்து பட்டுத்துணி சுற்றிய பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். துணியை விலக்கினார். இரும்புப் பெட்டி, நாலு பெரிய பொத்தான்கள், வரிசையாகத் திருகிகள். எல்லாவற்றிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். நாலு பொத்தானில் ஒன்றுகூட அசையவில்லை.

“சரஸ்வதி பூசைக்கு வருசா வருசம் வைக்கிறனான் தம்பி. எல்லாத்துக்கும் வச்சனான். ஒண்டுக்கு வச்சு ஒண்டுக்கு வைக்காமல் விடேலாதுதானே” என்றார்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு ஈர்க்கையும் பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷையும் கேட்டு வாங்கி, மேசையில் வைத்து ஒவ்வொரு பொத்தானாகச் சுரண்டத் தொடங்கினேன். சந்தனம் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. அவரும் பக்கத்தில் நின்று, சுரண்டி விழுந்ததையெல்லாம் கீழே சிந்தவிடாமல் ஒரு தட்டில் சேர்த்தார். கடைசியில் நாலு பொத்தானும் டிக் என்று பேசின. ரோச் லைற் பற்றரிகள் ஆறை மட்டைச் சுருளுக்குள் அடுக்கி வயர் பிடித்துக் கரண்ட் கொடுத்தேன். அவர்கள் வீட்டு ரேடியோ கசற்றில் மைக் சொருகுகிற துளைதான் எங்கள் அம்ப்ளிபயர்.

சின்னச் சிவப்பு லைற் பற்றியது. ஒரு கம்பியைத் தட்டினேன். ஒன்று கொடுத்தால் நாலாகத் திரும்பி வந்தது. அடுத்த பொத்தானை அமத்தினேன்; அதே வேப்பம் பலகை, அதே கம்பி, ஆனால் சத்தம் கடலில் மிதந்து மிதந்து போனது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பெட்டிக்குள்ளையோ இவ்வளவும் கிடந்தது?” என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய வித்துவான்போல, “இஞ்சை பாருங்கோ அக்கா, மேடையிலை இப்பிடித்தான் வாசிக்கிறது” என்று பெட்டியை நிலத்தில் வைத்து, எழும்பி நின்று, வலது காலால் ஒரு மிதி மிதித்தேன்.

“ஐயோ தம்பி! காலை எடும்!”

அப்படி ஒரு சத்தம். நான் பின்னால் பாய்ந்ததில் கதிரை விழுந்தது. அவர் பெட்டியைத் தூக்கித் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“சாமிக்குப் பக்கத்திலை இருந்தது. நான் குளிச்சிட்டுத்தான் தொடுறனான். நீர் மிதிக்கிறீர்!”

“அக்கா, இது மிதிக்கிறதுக்கெண்டே செய்ததுதான். ரெண்டு கையும் கிற்றாரிலை இருக்கும். காலாலை அமத்தாமல் ஏலாது.”

“அவர் நல்ல கையிலை குடுக்கச் சொன்னவர் தம்பி. காலிலை குடுக்கச் சொல்லேல்லை.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றித்தானே நானும் வளர்ந்தேன். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு வெறுங்கையோடு லோஞ்சேறவும் மனம் இல்லை. ஓகனின் மூன்றாவது பொத்தான் வேறு கண்ணுக்குள் நின்றது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சரி அக்கா, கால் படாது. கையாலையே அமத்திறம். வாசிகசாலை விழாவுக்கு வந்து பாருங்கோ. உங்களுக்குப் பிடிக்காட்டி அண்டைக்கே திருப்பித் தாறன்.”

அவர் பட்டுத்துணியை எடுத்து மறுபடி பெட்டியில் சுற்றினார். “ஓம், வாறன்” என்று சொல்லிப் பெட்டியைப் பட்டுத்துணியோடு என் கையில் வைத்தார். விலைப் பேச்சு விழாவுக்குப் பிறகுதான் என்றும் சொன்னார்.

விழா அன்று பின்னேரம், வெயில் இறங்குகிற நேரம், மேடையில் பெட்டி ஒரு கதிரையில் ராசாபோல இருந்தது. பக்கத்தில் எங்கள் பகிடிப் பாட்டுக்காரர், சனத்தைச் சிரிக்கவைக்கப் பாடுகிறவர். நல்ல பருத்த ஆள். தன் பாட்டு வரும்வரை அவருக்கு மேடையில் வேலை இல்லை. அவரிடம் பொத்தான்களை ஒப்படைத்திருந்தேன். நான் புருவத்தை உயர்த்தினால் அலை, தலையாட்டினால் எதிரொலி, நாடியை நீட்டினால் உறுமல். வீட்டில் பழகியபோது இருவரும் சுத்தமாகச் செய்தோம்.

தாளம் தொடங்கினால் தலையாட்டாமல் வாசிக்க எனக்குத் தெரியாது என்பதை மேடையில்தான் கண்டுபிடித்தேன். நான் தாளத்துக்குத் தலையை ஆட்ட ஆட்ட அவர் எதிரொலியைப் போட்டார், எடுத்தார், போட்டார், எடுத்தார். நான் கண்ணால் முறைத்தேன், புருவம் ஏறியது, அலையும் சேர்ந்துகொண்டது. வேண்டாம் என்று நாடியால் சைகை காட்டினேன். பிள்ளையார் பாட்டின் நடுவில் கிற்றார் உறுமியது. சனம் ஒருகணம் திகைத்தது.

“பிள்ளையார் பாட்டுக்கு யானை பிளிறினது நல்லாயிருக்கு!” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார். மைதானம் முழுக்கச் சிரிப்பு.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அந்த அக்கா. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நாலாவது பாட்டு முடிந்ததும் தலைவர் என் காதுக்குள், “உந்தப் பெட்டியைக் கழட்டி வையும். இனி ஓகன் மட்டும் காணும்” என்றார். வாசிகசாலைத் தலைவர் உரையாற்ற மைக்கைப் பிடித்தார். நான் மேடையின் ஓரத்தில் வேர்த்து ஒழுகி நின்றேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்கா மேடைப் படியேறி வந்தார். பெட்டியை எடுத்துப் போகத்தான் வருகிறார் என்று நான் வயரைக் கழற்றப் போனேன்.

“பொறும் தம்பி. நீர் கிற்றார் வாசிக்கிறீரோ, இல்லாட்டி அந்த ஆளுக்குக் கண் காட்டுறீரோ?”

நான் பிடித்த வயரை விட்டேன்.

“எங்கடை அவரும் காலியிலை மிதிச்சுத்தான் வாசிச்சிருப்பாரோ?” என்று அக்காவே திரும்பவும் கேட்டார்.

“ஓம் அக்கா. இதை வேறை மாதிரி வாசிக்கேலாது.”

அவர் கதிரையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

“வீட்டிலை தையல் மெசின் இருக்கு. சரஸ்வதி பூசைக்கு அதுக்கும்தான் பொட்டு வைக்கிறனான். அடுத்தநாள் ஏறி இருந்து மிதிக்கிறனான். மிதிச்சால்தானே அது தைக்கும்.” என் காலைப் பார்த்து, “சப்பாத்தைக் கழட்டும்” என்றார்.

கழற்றினேன். அவர் பெட்டியைக் கதிரையிலிருந்து எடுத்தார். அத்தனை சனத்தின் முன்னால் குனிந்து, என் காலடியில் தன் கையாலேயே வைத்தார். வயர் இழுபடாமல் ஒரு பக்கமாக ஒதுக்கியும் விட்டார். நான் பதறிப்போய்க் குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் நடக்காததுபோலப் போய்த் தன் இடத்தில் இருந்தார்.

உரை முடிந்தது. எங்கள் கோஷ்டித் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்பே நான் தொடங்கிவிட்டேன். வெறும் பாதத்தின் கீழே பொத்தான் டிக் என்று இறங்கியபோது வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? எதிரொலி கேட்ட இடத்தில் எதிரொலி வந்தது, அலை கேட்ட இடத்தில் அலை. என் தலை தன் பாட்டில் ஆடியது. அதிலிருந்து மூன்றாவது பாட்டுக்கு மைதானம் கைதட்டித் தாளம் போட்டது, முடிந்ததும் “இன்னொருக்கா!” என்று விடவில்லை. யானைப் பகிடி விட்டவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சத்தம் போட்டார். தலைவர் என் பக்கம் வரவில்லை. ஓகன்காரரிடம் போய், “அந்தக் கிற்றார்ப் பொத்தானை அமத்தாதையும், எங்களிட்டைக் கிற்றார் இருக்கு” என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

விழா முடிந்து அக்காவிடம் போனேன். நியாயமான விலை சொன்னார், காசை வாங்கிக்கொண்டார். அதற்கு மேலும் ஒன்று கேட்டார். ஒலிபெருக்கிக்காரர் பிடித்து வைத்திருந்த கசற்றில் ஒரு பிரதி. அது வெளிநாடு போகிற ஒருவரின் பயணப் பெட்டியில் ஏறி ஜேர்மனிக்குப் போனது. சில மாதங்களின் பின் அக்காவைக் குறிகட்டுவான் துறையில் கண்டேன். தூரத்திலேயே என்னைக் கண்டு கையைக் காட்டினார்.

“கசற்றைக் கேட்டவராம் தம்பி. உம்முடைய கால் சரியான நேரத்துக்கு விழுதாம். நான் சந்தனம் வச்ச கதையையும் சொன்னனான். ரெலிபோனுக்குள்ளை அப்பிடிச் சிரிச்சவர். கடை எரிஞ்ச பிறகு அவர் அப்பிடிச் சிரிச்சு நான் கேக்கேல்லை.”

சொல்லும்போது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், லோஞ்சுக்கு நின்ற சனம் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

அதன் பிறகு எத்தனையோ மேடைகள், எத்தனையோ புதிய பெட்டிகள் வந்து போய்விட்டன. ஆனாலும் தான் பூப்போட்டுக் காத்த ஒன்றை, அது சத்தம் போட்டு வாழவேண்டும் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒருவனின் காலடியில் குனிந்து வைத்த அந்தக் கைகளைக் கண்ட நாளிலிருந்து, ஒரு பாட்டையேனும் அசட்டையாக வாசிக்க எனக்கு மனம் வந்ததில்லை.